பதினொன்றாம் நாள்

கடலை அளப்பவர்களுக்குப் பாடம் சொல்லும் கூடம் ஒன்று துறைமுகத்தை ஒட்டி இருந்தது. அதன் ஆசிரியை கோமதிநாயகிக்கு வயது முப்பத்தொன்பது. ஒரு காலைப்பொழுதில் அவர் முன் வந்து நின்ற பழைய மாணவர் நெய்னாருக்கு ஐம்பத்திரண்டு. பாதி ஆயுளைக் கப்பலில் கழித்துவிட்டுக் கரையேறிய பின் கடலளவை கற்றவர் அவர்.

கையில் ஒரு தாள் இருந்தது. உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை.

“டீச்சர், என்மீது குற்றம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.”

“யார்மீது என்று எழுதினார்கள்?”

“கில்பர்ட் தண்டல்மீது.”

தோணியைச் செலுத்தும் தலைவரை அங்கே தண்டல் என்பார்கள். புயலுக்குப் பின் கப்பல் வழியைப் புதிதாக அளந்து வரைபடம் கொடுத்தவர் நெய்னார். வழி நெடுகிலும் ஏழு மீட்டர் ஆழம் என்றது அந்த வரைபடம். அதை நம்பிப் பாரம் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட முதல் தோணி கில்பர்ட்டுடையது. நட்டநடு வழியில் அதன் அடிப்பலகை பிளந்தது. நீரோட்டம் அதை இழுத்துச் சென்று எங்கோ அமிழ்த்தியது. நால்வர் நீந்திப் பிழைத்தனர். தண்டல் பிழைக்கவில்லை.

விசாரணை மூன்றே நாளில் முடிந்தது. வழி சுத்தமாக இருக்கிறது என்று வரைபடம் சொல்லிவிட்டது. ஆகவே, தண்டல் கண்ணயர்ந்து வழி தவறியிருக்க வேண்டும். பிழைத்த நால்வரும் இல்லையென்று தலையில் அடித்துக்கொண்டார்கள். வரைபடத்தின் முன் வாய்ச்சொல் எம்மாத்திரம்?

“நேற்று அவர் மனைவி ரொசாரி என் வீட்டுக்கு வந்தார்,” என்றார் நெய்னார். “திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ‘இருபத்தெட்டு வருசம் அந்த வழியில போனவரு ஐயா. தூங்குமூஞ்சித் தண்டல் பொண்டாட்டின்னு தண்ணிக்குழாயடியில பேசுறாளுவ. அங்க ஒண்ணுமே இல்லன்னு நீங்க நல்லாப் பாத்துத்தான எழுதுனீங்க?’ என்று மட்டும் கேட்டார்.”

“என்ன சொன்னீர்கள்?”

“நல்லாப் பார்த்தேன் அம்மா என்றேன். அவர் போன பிறகு பழைய அளவைப் பதிவைத் திறந்தேன். மூன்று புள்ளிகள், டீச்சர். கடலடித் தரையிலிருந்து முள் போல நீட்டிக்கொண்டிருந்தன. கணினி சிவப்பில் காட்டி, நீக்கவா என்று கேட்டிருக்கிறது. நான் நீக்கு என்றிருக்கிறேன்.”

“ஏன்?”

“சுற்றிலும் ஏழு மீட்டர். அங்கே மட்டும் மூன்று. மீன்கூட்டமாக இருக்கும், நீர்க்குமிழியாக இருக்கும். ஒலியலை அவற்றில் பட்டுத் திரும்பினால் அப்படித்தான் முள் தெரியும் என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்?”

“ஆம். ஒன்பதாம் நாள்.”

“அவை மீன்தானே, டீச்சர்? அதைக் கேட்கத்தான் வந்தேன்.”

ஆசிரியை எழுந்தார். அலமாரியைத் திறந்து, நீண்ட கயிறு கட்டிய ஈயக்குண்டு ஒன்றையும் கிரீஸ் டப்பா ஒன்றையும் எடுத்தார். குண்டின் அடியில் குழி ஒன்று இருந்தது.

“வாருங்கள், அண்ணாச்சி.”

படகோட்டி பிச்சைக்கனிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “வானத்துல அத்தனை செயற்கைக்கோள் சுத்துது. நீங்க ரெண்டு பேரும் கல்லைக் கட்டி இறக்கப் போறீய. எங்க தாத்தா உசிரோட இருந்தா உங்களுக்கு வேலை போட்டுக் கொடுத்திருப்பாரு!”

யாரும் சிரிக்காததைக் கண்டு அவர் சுக்கானைப் பார்த்துக்கொண்டார்.

பதிவில் கண்ட இடத்தை அடைந்ததும் ஆசிரியை இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். குழியில் கிரீஸை அப்பிக் குண்டை நெய்னாரிடம் நீட்டினார். கயிற்றில் மீட்டருக்கொரு முடிச்சு இருந்தது.

நெய்னார் இறக்கினார்.

“எவ்வளவு?”

“ஏழு.”

“அடியில்?”

குண்டைத் தூக்கிப் பார்த்தார். கிரீஸில் மணல் ஒட்டியிருந்தது. “மணல்.”

“மறுபடியும்.”

படகு ஒரு முழம் நகர்ந்தது. ஏழு. மணல். இன்னும் ஒரு முழம். ஏழு. மணல். வெயில் ஏறியது. நெய்னாரின் உள்ளங்கை கன்றிச் சிவந்தது. பதினெட்டு முறை இறக்கினார். பதினெட்டு முறையும் ஏழு. அவர் முகத்தில் மெல்லத் தெளிவு பிறந்தது.

“மீன்தான் போலிருக்கிறது, டீச்சர்.”

“மறுபடியும்.”

பத்தொன்பதாம் முறை, மூன்றாம் முடிச்சிலேயே கயிறு தளர்ந்தது. கைக்கு ஓர் அதிர்வு வந்தது. குண்டு எதன்மீதோ ஒரு கணம் நின்றது. பிறகு நழுவி ஏழுக்கு இறங்கியது.

“எவ்வளவு?” என்றார் ஆசிரியை.

நெய்னார் குண்டை மேலே இழுத்துத் திருப்பினார். மணலுக்கு நடுவே துருச் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் ஒரு பக்கத்தில் மஞ்சள் வண்ணம்.

பிச்சைக்கனி எட்டிப் பார்த்தார். இம்முறை அவர் குரலில் கேலி இல்லை. “புயல்ல காணாமப்போச்சே, வழிகாட்டுற இரும்பு மிதவை... அதுக்கு மஞ்சள்தான அடிச்சிருந்தாவ?”

நெய்னார் அந்தச் செதிலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். முடிச்சு விழ நெடுநேரமாயிற்று.

படகு கரை நோக்கித் திரும்பியது. பாதி வழியில் அவர் கேட்டார்.

“நீக்கச் சொல்லிக்கொடுத்தீர்களே. நீக்குமுன் இப்படிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை?”

“அது பதினொன்றாம் நாள் பாடம்.”

“பயிற்சியே பத்து நாள்தானே?”

“நான் பாடத்திட்டம் எழுதியபோது நாற்பது நாள். படகுக்கும் ஆட்களுக்கும் நேரம் இல்லை என்று மேலிடம் பத்தாகக் குறைத்தது. ஒன்பது கடிதம் எழுதினேன்.”

“பதில் வந்ததா?”

“வந்தது. கருவிதான் எல்லாவற்றையும் செய்கிறதே, பத்து நாள் எதற்கு, ஐந்து போதாதா என்று கேட்டிருந்தார்கள்.”

“அதற்கு மேல் முயலவில்லையா?” நெய்னாரின் குரல் உயர்ந்தது. “பாதிப் பாடத்தைக் கையில் கொடுத்துச் சான்றிதழையும் கொடுத்து அனுப்பினீர்களே! ஓர் ஆள் செத்துப்போனான், டீச்சர்!”

ஆசிரியை மறுக்கவில்லை. கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

“உங்கள் பத்தாம் நாள் மாலை நினைவிருக்கிறதா?”

நெய்னாருக்கு நினைவிருந்தது. லட்டு கொடுத்தார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள். புகைப்படம் எடுத்தார்கள். அதற்குப் பின் ஆசிரியை எழுந்து ஏதோ சொன்னார். நாளைக் காலை ஆறு மணிக்குப் படகு எடுக்கிறேன், திட்டத்தில் இல்லாத பாடம் ஒன்று இருக்கிறது, விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றார். “பத்து நாளிலேயே கடல் வற்றிவிட்டது, டீச்சர்!” என்று யாரோ உரக்கச் சொன்னதும் கூடமே சிரித்தது.

சொன்னது யார் என்பதும் அவருக்கு நினைவிருந்தது.

நெய்னார் நிமிர்ந்தார். “ரொசாரி அம்மாவிடம் போகிறேன். துறைமுகத்துக்கும் எழுதுகிறேன், நான்தான் நீக்கினேன் என்று. வேலை போனால் போகட்டும். இந்த ஓர் இடத்தையாவது திருத்திவிடலாம்.”

“திருத்திவிடலாம்,” என்றார் ஆசிரியை.

கரை தெரிந்தது. நெய்னாருக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது. அதைக் கேட்காமல் இறங்கிவிட அவர் விரும்பினார். முடியவில்லை.

“டீச்சர், இந்தப் பதினொன்றாம் நாளுக்கு இதுவரை எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்?”

“இன்று நீங்கள் வந்திருக்கிறீர்கள்.”

“பத்து நாளோடு போனவர்கள்?”

“இருநூற்றாறு பேர்.”

“அவர்களெல்லாம் இப்போது எங்கே?”

கோமதிநாயகி குண்டின் அடியிலிருந்த கிரீஸை விரலால் வழித்துத் துடைத்தார்.

“கடலில்தான், அண்ணாச்சி. அளந்துகொண்டிருக்கிறார்கள்.”