பண்டிதர் இலையில் வண்டி மை

மகரவர்ம ராஜாவுக்குப் புதுசு என்றால் உயிர். அரண்மனைக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்றே ஆள், குதிரை, தேர் எல்லாவற்றையும் அதற்குள் ஏற்றச் சொல்லிவிட்டார். புரோகிராம் எழுதியவர் தாண்டவப் பண்டிதர். 'தேவை' என்ற பொத்தானை அமுக்கினால் போதும், அவரவருக்கு வேண்டியது உக்கிராணக் கிடங்கிலிருந்து வந்துவிடும்.

பட்டத்து யானை முத்தழகிக்கு மட்டும் தீனி வரவில்லை. பாவம், விலா எலும்பு தெரிய நின்றது. பாகன் சடையப்பனை அவைக்கு இழுத்து வந்தார்கள்.

"சாமி, பொத்தானை அமுக்கினா கரும்பு வரல. சக்கரத்துக்குப் போடுற வண்டி மைதான் வருது" என்று அழுதான் அவன்.

"பொய்! என் புரோகிராம் தப்பே செய்யாது. கரும்பை இவன்தான் விற்றுத் தின்றிருக்கிறான்" என்றார் பண்டிதர்.

ராஜா யோசிக்கவே இல்லை. "நாளைக் காலை இவன் நாட்டைவிட்டுப் போகட்டும்!"

அவையில் செண்பகவல்லி என்று ஒருத்தி இருந்தாள். வாய் ஜாஸ்தி. அந்த வாய்க்காகவே ராஜா அவளைப் பக்கத்தில் வைத்திருந்தார். அவள் எழுந்தாள்.

"பண்டிதரே, புரோகிராமைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாமா?"

"திறப்பதா? ஒவ்வொரு பொருளும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டாம். ஆப்ஜெக்ட் முறையின் அழகே அதுதான், அம்மா!"

"புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால்?"

"ஒரே வரி. 'இது இன்னதன் வகை' என்று எழுதினால், அதற்கு உள்ளதெல்லாம் இதற்கும் பரம்பரைச் சொத்து மாதிரி வந்துவிடும். யானையைக்கூட அப்படித்தான் ஒரே வரியில் முடித்தேன்."

செண்பகவல்லிக்குப் பொறி தட்டியது.

"மகாராஜா! இவ்வளவு பெரிய மூளைக்கு 'அறிவுக் களிறு' என்று ஒரு பட்டம் கொடுக்க வேண்டாமா? பண்டிதர் யானையின் வகை என்று கம்ப்யூட்டரிலும் ஏறட்டும்."

பண்டிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த வரியைத் தன் கையாலேயே எழுதினார்.

மதியம் பட்டமளிப்பு விருந்து. பண்டிதர் இலைமுன் உட்கார்ந்து 'தேவை'யை அமுக்கினார். உக்கிராண ஆட்கள் ஒரு சட்டி வண்டி மையைக் கொண்டுவந்து இலையில் கொட்டினார்கள்.

"அடப்பாவிகளா! என்னடா இது?"

"எங்களுக்கென்னங்க தெரியும்? கம்ப்யூட்டர் சொல்லுச்சு, கொண்டாந்தோம்."

"முதலில் அந்தப் புரோகிராமைத் திறங்கள்!" என்று கத்தினார் பண்டிதர்.

"ஐயோ, அழகு போய்விடுமே பண்டிதரே" என்றாள் செண்பகவல்லி.

திறந்தார்கள். பண்டிதர், யானையின் வகை. யானைக்கு உரிய பக்கத்திலோ, அது வாகனத்தின் வகை என்று ஒரே வரி. வாகனத்துக்குப் போனால், அங்கே இருந்தது தேருக்காக எழுதிய தேவை. அச்சுக்கு வண்டி மை!

"யானை என்ன தின்னும் என்று தெரிந்துகொள்ள இத்தனை வீடு ஏறி இறங்கணுமா? யானைப் பக்கத்தில் யானையைப் பற்றி ஒன்றுமே இல்லையே!" என்று ராஜா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு வெட்கத்தோடு சடையப்பனை அழைத்து, "அவசரப்பட்டுவிட்டேனப்பா" என்று சொல்லி, வண்டி நிறையக் கரும்போடு அனுப்பிவைத்தார். செண்பகவல்லிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார்.

"பண்டிதரே, படித்தால் எனக்கும் புரிகிற மாதிரி மாற்றி எழுதும்."

"நாளை எழுதுகிறேன் மகாராஜா. இப்போது பசி..."

"இப்போதே எழுதிவிடுங்கள் பண்டிதரே" என்றாள் செண்பகவல்லி. "'தேவை'க்குப் பக்கத்தில் 'புறப்பாடு' என்று ஒரு பொத்தான் இருந்தது. கை தவறி அமுக்கிவிட்டேன். அதோ, உங்களைப் பூட்டி இழுக்க நாலு குதிரை வந்துகொண்டிருக்கிறது!"