சூரியனுக்கு முதுகைக் காட்டியவர்

சிறுமலை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். குரு முத்தரசிக்கு நாற்பது வயது. சீடர் சென்றாயனுக்கு அறுபத்து மூன்று, ஓய்வுபெற்ற தபால்காரர். குரு சீடரை ‘அண்ணே’ என்பார். சீடர் குருவைத் ‘தாயி’ என்பார். கேட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஒன்பது வயதில் சென்றாயன் வலது கண்ணை மூடிக்கொண்டு சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்தார். அன்றோடு இடது கண்ணின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு வலது கண் ஒன்றுதான் உருப்படி.

இப்போது கங்கண கிரகணம் வந்திருக்கிறது. சூரியன் வளையல் மாதிரி ஆகிவிடுமாம், அதுவும் மடத்துக்கு நேராக. பாழாய்ப்போன வானமோ காலையிலிருந்தே மூடிக்கிடந்தது.

கிரகணத்தில் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது என்பதெல்லாம் அந்த மடத்தில் எடுபடாது. முத்தரசி முற்றத்தில் கடலை மாவு கரைத்துக்கொண்டிருந்தார்.

“தாயி, ஆசைப்பட்டுத்தான் ஒரு கண்ணு போச்சு. திரும்பவும் ஆசைப்படலாமா?”

“மேகம் விலகுதா, பாருங்கண்ணே.”

சென்றாயன் கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். ஒரே இருட்டு.

“விலகலேன்னா?”

“பூந்தி இருக்கு.”

சென்றாயனுக்குக் கோபம் வந்துவிட்டது. “மனுசன் அம்பத்து நாலு வருசமாக் காத்துக் கெடக்கேன். பூந்திங்கிறீங்களே!”

அந்த நேரம் பார்த்து மேகம் கொஞ்சம் மெலிந்தது. அதற்குள்ளே வெளிறிய தட்டுப் போல ஏதோ தெரிந்தது.

“மேகம்தான் மறைக்குதே தாயி, கண்ணு கூசாது!” என்று கண்ணாடியைக் கழற்றினார்.

அவர் நிமிர்வதற்குள் முத்தரசியின் கை வலது கண்ணைப் பொத்தியது. முகமெல்லாம் கடலை மாவு.

“கண்ணு போன அன்னிக்கு வெயிலா, மேகமா?”

அவர் யோசித்தார். “மேகம்.”

“கூசுச்சா?”

சென்றாயன் இல்லையென்று தலையை ஆட்டினார்.

முத்தரசி அவர் தோளைப் பிடித்து, சூரியனுக்கு முதுகு காட்டித் திருப்பினார். எதிரே வெள்ளையடித்த சுவர். பூந்திக் கரண்டியைக் கையில் திணித்தார்.

“தூக்கிப் பிடிங்க. சுவரை மட்டும் பாருங்க.”

முதலில் ஒன்றுமே இல்லை. கை வலித்தது. முகத்தில் மாவு காயத் தொடங்கியது.

பிறகு முதுகில் சுள்ளென்று வெயில் பட்டது. சுவரில் கரண்டியின் நிழல். நிழலுக்குள்ளே, ஓட்டைக்கு ஒன்றாக, குட்டிக் குட்டி ஒளி வளையங்கள்.

“தாயி! வளையல்! அம்புட்டும் வளையல்!”

அழுதார், சிரித்தார், அறுபத்து மூன்று வயதை மறந்து குதித்தார். கரண்டி ஆட, அத்தனை சூரியனும் சுவரில் கூடவே குதித்தன. இப்படி ஒரு சந்தோஷத்தை அந்த மடம் அதுவரை பார்த்ததில்லை.

ஒரு நிமிடம்தான். மேகம் மறுபடி மூடிக்கொண்டது.

முத்தரசி அடுப்பைப் பற்றவைத்து வாணலியை ஏற்றினார். சென்றாயன் கரண்டியை நெஞ்சோடு அணைத்தபடி பக்கத்தில் வந்து நின்றார்.

“நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலையே தாயி. ஆசைப்படலாமா?”

“கரண்டியைக் குடுங்கண்ணே, எண்ணெய் காயுது. உங்களுக்கு இனிப்பு அளவா வேணுமா, தூக்கலா வேணுமா?”