இடது கைத் தாம்பூலம்

முன்னொரு காலத்தில் என்று ஆரம்பித்தால், எந்தக் காலம் என்று ஒருவர் குறுக்கே கேட்பார். ராஜாக்களுக்குப் பொழுது போகாத காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் வீரகண்டன் என்று ஒரு ராஜா இருந்தார். பேர்தான் வீரகண்டன். பட்டத்துக்கு வந்த நாளிலிருந்து ஒரு சண்டை கிடையாது. சுற்றியிருந்த ராஜாக்களும் நல்லவர்களாக வாய்த்துவிட்டார்கள். வாளை எண்ணெய் போட்டுத் துடைப்பதும், சாப்பிடுவதும், சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடுவதுமாக அவர் காலம் போய்க்கொண்டிருந்தது.

அவருடைய சபையில் ஆவுடையான் என்று ஒரு விகடகவி இருந்தான். ஆள் ஒல்லி, வாய் மட்டும் பெரிசு. ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். அதே சபையில் வைரவநாதர் என்று ஒரு மந்திரி. ராஜா சிரிக்கும்போதெல்லாம் இந்த மனிதருக்கு வயிறு எரியும். 'நாம் வரி, வாய்க்கால் என்று மாடாய் உழைக்கிறோம். இந்தப் பயல் பல்லைக் காட்டிவிட்டுச் சால்வையை வாங்கிக்கொண்டு போகிறானே' என்று மனசுக்குள் புழுங்குவார். ஆவுடையானை ஊரைவிட்டுக் கிளப்ப வேண்டும் என்று அவர் வேண்டிக்கொள்ளாத தெய்வம் இல்லை.

வருஷா வருஷம் ராணி செண்பகவல்லியின் பிறந்த நட்சத்திரத்தன்று ராஜா ஒரு நகை கொடுப்பது வழக்கம். அந்த வருஷம் ராணி, "நகை வைக்கப் பெட்டியில் இடமில்லை. உங்கள் கையால் செய்தது ஏதாவது ஒன்று கொடுங்கள், அது போதும்" என்றாள்.

"இவ்வளவுதானா? ஒரு படம் வரைந்து தருகிறேன்" என்று ராஜா மீசையை முறுக்கினார்.

முறுக்குவது சுலபமாகத்தான் இருந்தது. வரைவதுதான் வரவில்லை. கிளி வரைந்தார், கத்திரிக்காய் வந்தது. யானை வரைந்தார், அதுவும் கத்திரிக்காய்தான், கொஞ்சம் பெரிசு. வரைந்ததையெல்லாம் கிழித்து அடுப்பில் போட்டார். நட்சத்திரம் நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. இதை மோப்பம் பிடித்த மந்திரி வைரவநாதர் கக்கத்தில் ஒரு சுருளோடு உள்ளே வந்தார்.

அது ஒரு துளைத் தாள். சுவரில் படம் எழுதுகிறவர்கள் வைத்திருப்பது. படத்தின் கோடுகளையெல்லாம் ஊசியால் பொடித் துளைகளாகக் குத்தி வைத்திருப்பார்கள். அதை விரித்து, கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் ஒற்றினால், கீழே புள்ளி புள்ளியாகப் படம் இறங்கிவிடும். புள்ளிகளைச் சேர்த்து வர்ணம் தீட்டுவதுதான் பாக்கி. மந்திரி கொண்டுவந்த தாளில் ஒரு மாப்பிள்ளை தன் பெண்டாட்டிக்குத் தாம்பூலம் கொடுத்துக்கொண்டு நின்றான். மேலே தோரணம், தோரணத்தில் ஒரு கிளி.

"நான் கொடுத்தேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாது, மகாராஜா" என்று மந்திரி சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ராஜா கதவைச் சாத்திக்கொண்டு துணியை விரித்து ஒற்றினார், தீட்டினார். படத்தைப் பார்த்த ராணி கண் கலங்கிவிட்டாள். கட்டிலுக்கு எதிரே மாட்டிவைத்து, தாதிகளையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினாள். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் அடுத்த முகூர்த்த நாள் வரைக்கும்தான். ஊரில் ஒரு பெரிய வியாபாரி வீட்டுக் கல்யாணத்துக்கு ராணி போயிருந்தாள். வாசல் சுவரைப் பார்த்தால் அதே மாப்பிள்ளை, அதே பெண், அதே கிளி. பக்கத்துத் தெருவில் இன்னொரு கல்யாண வீடு. அங்கேயும் அதே கிளி. அரண்மனைக்குத் திரும்பும் வழியெல்லாம் பல்லக்குத் திரையை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஊரில் கல்யாணம் நடந்த வீடு ஒன்றுவிடாமல் அந்தக் கிளி போய் உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் ராணி கேட்டாள். "இந்தப் படம் யார் வரைந்தது?"

"நான்தான்" என்றார் ராஜா.

"சரி" என்றாள் ராணி.

பெண்டாட்டி 'சரி' என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் அதற்குள் என்னென்ன இருக்கும் என்று கல்யாணம் ஆனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மறுநாளிலிருந்து ராஜாவின் இலையில் சோறும் ரசமும்தான் விழுந்தன. பேச்சு வார்த்தை கிடையாது. ராஜா இருமினார், செருமினார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ராணி ஒரு தாதியிடம் சொல்லி அனுப்பினாள். "நாளைச் சபைக்கு நானும் வருவேன். இந்தப் படத்தில் உங்கள் கைவேலை என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும். ஒரு பொய் காதில் விழுந்தாலும் என் பல்லக்குப் பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிடும்."

ராஜா ஆடிப்போனார். ராணி இல்லாத அரண்மனையை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. மந்திரியைக் கூப்பிட்டு யோசனை கேட்டார். மந்திரிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. "இதற்கெல்லாம் ஆவுடையான்தான் சரியான ஆள், மகாராஜா. நாளைக்கு அவனே பதில் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும். இத்தனை நாள் வாங்கின சால்வைக்கு ஒரு வேலையாவது செய்ய வேண்டாமா?" என்றார்.

ஆவுடையான் வந்து நின்றான்.

"அந்தப் படத்தில் என் சொந்தக் கைவேலை இருக்கிறது என்று நாளைக்குச் சபையில் நீ நிரூபிக்க வேண்டும்" என்றார் ராஜா.

"இருக்கிறதா, மகாராஜா?"

ராஜா மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "இல்லை. ஒரு துளைத் தாளை வைத்து ஒற்றினேன். யார் கொடுத்தது என்று கேட்காதே, சத்தியம் பண்ணியிருக்கிறேன்."

"அப்படியானால் பொய் சொல்ல வேண்டும்."

"பொய் சொன்னால் ராணி போய்விடுவாள்."

"உண்மையைச் சொன்னால்?"

"அப்போதும் போய்விடுவாள். பொய்யும் கூடாது, ராணியும் போகக் கூடாது. உன்னால் முடியாவிட்டால் கட்டின வேட்டியோடு நாட்டின் எல்லையைத் தாண்டிவிடு."

"மகாராஜா ஒற்றினதற்கு நான் ஏன் எல்லை தாண்ட வேண்டும்?"

"நான் தாண்டினால் அது படையெடுப்பு ஆகிவிடுமே" என்றார் ராஜா. நியாயம்தான். 

ஆவுடையான் படத்தைக் கேட்டு வாங்கிச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் பெண்டாட்டி பேச்சியம்மைக்கு விஷயம் பெரிசு என்று புரிந்துவிட்டது. முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "இதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுதீங்க? எல்லையத் தாண்டினா முத ஊரு எங்க அம்மா ஊருதான். அவ வீட்டுல மாட்டுத்தொழுவம் சும்மாதான் கெடக்கு. கூட்டிப் பெருக்கிக் குடுத்துருவா" என்றாள்.

 மாமியார் ஆவுடையானைப் பார்த்து ஒரே ஒரு தடவைதான் சிரித்திருக்கிறாள். அது அவன் கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது. ஊர் ஊராகச் சிரிக்க வைத்தவன், கடைசிக் காலத்தை அந்தத் தொழுவத்திலா கழிப்பது? படத்தைச் சுவரில் மாட்டி, அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது.

சாப்பிட்டு முடித்ததும் பேச்சியம்மை வெற்றிலை மடித்து நீட்டினாள். அவன் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை நீட்டினான். புறங்கையில் பளீரென்று ஒரு அடி விழுந்தது.

"இது என்ன புதுப் பழக்கம்? பீச்சாங்கையாலயா வெத்தல வாங்குவாக? குடும்பம் வெளங்குமா?"

ஆவுடையான் தன் கையைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். திரும்பவும் கையைப் பார்த்தான்.

"பேச்சி, இந்தப் படத்துல இருக்கவன் எந்தக் கையால குடுக்கான், பாரு."

பேச்சியம்மை கிட்டே போய்ப் பார்த்துவிட்டு மோவாயில் கைவைத்தாள். "கூறுகெட்ட பய. இவனும் பீச்சாங்கையாலல்ல குடுக்கான். அவளும் பேசாம நிக்கா. நானா இருந்தா வெத்தலயத் தட்டிவிட்டுட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்."

"மெதுவாப் பேசு. அந்தக் கூறு யாருக்குக் கெட்டுதுன்னு வெளிய தெரிஞ்சா நம்ம தல தப்பாது" என்று சொல்லிவிட்டு ஆவுடையான் தெருவில் இறங்கினான். வெயிலோடு வெயிலாக ஊரிலுள்ள கல்யாண வீட்டுச் சுவர்களையெல்லாம் பார்த்தான். திரும்பி வரும்போது அவன் வாயில் ஒரு பாட்டு இருந்தது.

மறுநாள் சபை கூடியது. ராணி திரைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். வாசலில் அவளுடைய பல்லக்கும் தயாராக நின்றது. மந்திரி வைரவநாதர் நல்ல பட்டு உடுத்தி முன்வரிசையில் இருந்தார். ராஜாவின் முகத்தில் ஈயாடவில்லை.

ஆவுடையான் படத்தை எல்லோரும் பார்க்கும்படி தொங்கவிட்டுத் திரையை நோக்கிக் கும்பிட்டான்.

"மகாராணி, இது பார்த்து எடுத்த படம்தான்."

 ராஜா கண்ணை மூடிக்கொண்டார். மந்திரி தம் சிரிப்பை அங்கவஸ்திரத்தில் துடைத்துக்கொண்டார்.

"தோரணம் மகாராஜாவுடையது அல்ல. கிளி அவருடையது அல்ல. இந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர்ச் சுவரில் எல்லாம் நிற்கிறார்கள், நானே நேற்றுப் போய்ப் பார்த்தேன். ஆனால் மகாராணி கேட்டது, இந்தப் படத்தில் மகாராஜாவின் கைவேலை என்ன என்றுதானே? அதைக் காட்டுகிறேன்." ஆவுடையான் ஒரு குச்சியால் மாப்பிள்ளையின் கையைத் தொட்டான். "இந்தக் கைதான் மகாராஜாவின் கைவேலை."

"விளங்கும்படி சொல்" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"எல்லாச் சுவரிலும் மாப்பிள்ளை வலது கையால் தாம்பூலம் கொடுக்கிறான், தாயே. இடது கையால் கொடுக்கும் மாப்பிள்ளை இந்த நாட்டிலேயே இந்தப் படத்தில்தான் இருக்கிறான். தொழில் தெரிந்த எவனும் இப்படி எழுத மாட்டான். எழுதினால் பெண் வீட்டார் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வருவார்கள். ஆகவே இந்தத் தப்பு யாரையும் பார்த்து எடுத்தது அல்ல. மகாராஜா தாமே யோசித்து, தாமே பாடுபட்டு, தம் கையால் செய்த தப்பு. இதற்கு ஊரில் வேறு யாரும் பாத்தியதை கொண்டாட முடியாது."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சபையில் பாதிப்பேர் தும்மினார்கள்.  திரைக்குப் பின்னாலிருந்து ராணி பேசினாள். அவள் குரல் இளகியிருந்தது.

"அந்தக் கையை நான் முதல் நாளே பார்த்தேன். தாம்பூலத்தை இடது கையால் கொடுக்கிறானே, இதை இவரைத் தவிர வேறு யார் வரைந்திருக்க முடியும் என்று அதைப் பார்த்துத்தான் நம்பினேன். நான் அழுததும் அந்தக் கையைப் பார்த்துத்தான்."

மந்திரி வைரவநாதருக்குப் பொறுக்கவில்லை. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமல் போகிறதே என்று எழுந்துவிட்டார்.

"மகாராணி, இவன் பேச்சில் மயங்கிவிட வேண்டாம். இதில் கைவேலை எங்கே இருக்கிறது? தாளைத் திருப்பிப் போட்டு ஒற்றினால் சின்னப் பிள்ளைக்கும் இடது கைதான் வரும். மையால் அடையாளம் வைத்த பக்கம் மேலே இருக்க வேண்டும், மேலே இருக்க வேண்டும் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது.

ஆவுடையான் தலையைச் சொறிந்தான். "தாளா? இங்கே இதுவரைக்கும் யாரும் தாள் என்று ஒரு வார்த்தை பேசவில்லையே, மந்திரியாரே. எந்தத் தாள்?"

மந்திரி உட்கார்ந்தார், எழுந்தார், திரும்பவும் உட்கார்ந்தார். ராஜாவுக்கு மட்டும் ஒரு பெரிய பாரம் இறங்கிவிட்டது. "நான் சத்தியத்தை மீறவில்லை. சபையே சாட்சி" என்றார்.

"அது இருக்கட்டும்" என்றாள் ராணி. "அந்தத் தாள் வருவதற்கு முன்னால் நீங்களாக ஒன்றும் வரையவில்லையா?"

ராஜா தலையைக் குனிந்துகொண்டார். "வரைந்தேன். ஒன்றும் வரவில்லை. உனக்கு அழகாக ஒன்று கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காகப் பொய் சொல்லிவிட்டேன். என் மேல்தான் தப்பு."

"அழகாக வேண்டும் என்று நான் கேட்கவில்லையே. உங்கள் கையால் வேண்டும் என்றுதானே கேட்டேன்."

 ஆவுடையான் அந்தப் படத்தைக் கழற்றித் துணியின் வெறும் பக்கத்தைத் திருப்பி ராஜாவின் முன்னால் விரித்து, ஒரு கரித்துண்டைக் கையில் கொடுத்தான். "கேட்டது இன்னும் கொடுபடவில்லை, மகாராஜா" என்றான்.

சபை நடுவே ராஜா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நாக்கைத் துருத்திக்கொண்டு, வியர்க்க வியர்க்க, ராணியை வரைந்தார். ஒரு கண் நெற்றியில் ஏறிவிட்டது. மூக்குத்தி தாடைக்கு இறங்கிவிட்டது. கழுத்து வைக்க மறந்து, ஞாபகம் வந்து, காதுக்குப் பக்கத்தில் வைத்தார். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது ராணி திரையை விலக்கிக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

படத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ராஜாவும் தாம் வரைந்ததை ஒரு தடவை நேராகப் பார்த்தார். பிறகு அவருக்கும் தாங்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சபையில் உருண்டார். ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பல்லக்கைக் கொண்டுபோய் உள்ளே வையுங்கள். இந்தப் படத்தை இந்தப் பக்கம் தெரியும்படி என் கட்டிலுக்கு எதிரே மாட்டுங்கள்" என்றாள்.

மந்திரிக்கு அவளே தண்டனை சொன்னாள். துளைத் தாளில் அவருக்கு இருக்கும் கெட்டிக்காரத்தனம் வீணாகக் கூடாது, அரண்மனை வெளிச்சுவர் முழுக்க அந்தக் கிளியை அவரே ஒற்றட்டும் என்றாள். பாவம், பட்டு வேட்டியெல்லாம் கரியாகி, தெருப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, மனிதர் ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

ராஜா ஆவுடையானுக்கு முத்துமாலை போட்டார், பேச்சியம்மைக்குப் பட்டுச் சேலை கொடுத்தார். அதோடு விட்டாரா? வரைகிற ருசி கண்டுவிட்டாரே. ஆவுடையானை நிற்க வைத்து அவனையும் கைப்பட வரைந்து, சட்டம் போட்டு வீட்டுக்கு அனுப்பினார். பேச்சியம்மை அதை மாடியில் வடகம் காய்கிற இடத்தில் நட்டுவைத்தாள். அதற்கப்புறம் ஒரு காக்கை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இந்தச் சேதி ராஜாவின் காதுக்கு எட்டியது. கோபப்படுவார் என்று எல்லோரும் பயந்தார்கள். அவரோ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஆவுடையானை இன்னும் ஏழெட்டுப் படம் வரைந்து, வடகம் போடுகிற வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினார்.