ஏகாம்பரம் குடித்த வெண்ணமிர்தம்

இந்தக் கதையில் வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரிப்பு இருக்கிறது. ஆனால் உடனே தர மாட்டேன். முதலில் ஏகாம்பரத்தைச் சமாளிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தாசில்தாரான அவர், வாட்ஸ்அப்பில் வந்த கொய்யா இலை வைத்தியத்தை நம்பி, மனைவி விசாலத்தின் சர்க்கரை மாத்திரைகளை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். நாலு நாளாக அந்த அம்மாளுக்குத் தலைசுற்றல்.

"ஐயா, அதெல்லாம் புளுகுங்க. அம்மாவுக்கு மாத்திரையைக் கொடுத்துடுங்க" என்று கெஞ்சினாள் சமையல்காரி செவந்தி.

"நீ என்ன எம்.பி.பி.எஸ்ஸா? புளுகுன்னு என் வாயாலயே சொல்ல வை. அப்ப சாவி தரேன்!"

மறுநாள் காலை அவர் வாட்ஸ்அப்பில், தெரியாத நம்பரிலிருந்து ஒரு கரகரத்த குரல்பதிவு வந்து விழுந்தது. "அன்பர்களே! இமயத்துச் சித்தர்கள் அருந்திய வெண்ணமிர்தம்! ஒரே டம்ளரில் மூட்டுவலி ஓடிவிடும்!"

"செவந்தி, இது எங்கேம்மா கிடைக்கும்?"

"எனக்குத் தெரிஞ்ச இடம் இருக்குங்க."

சாயங்காலம் டம்ளர் வந்தது. மடமடவென்று குடித்தார். மாடிப்படியில் இரண்டு தரம் ஏறி இறங்கி, "வலி போயே போச்சு!" என்று வீடியோ எடுத்து, இருநூறு பேர் உள்ள குரூப்பில் போட்டார். "எங்கே கிடைக்கும் சார்?" என்று அத்தனை பேரும் மொய்த்தார்கள்.

விசாரிக்கச் சமையலறைக்கு ஓடினார். இட்லி மாவு அரைத்த கிரைண்டரைக் கழுவி, அந்த வெள்ளைத் தண்ணீரை டம்ளரில் பிடித்துக்கொண்டிருந்தாள் செவந்தி.

"இன்னொரு டம்ளர் வேண்டுமா, அன்பரே?" என்றாள், அதே கரகரத்த குரலில்.

ஏகாம்பரம் கிரைண்டரைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

"அடிப்பாவி, அத்தனையும் புளுகா!"

செவந்தி ஈரக்கையை நீட்டினாள். "சாவிங்க, ஐயா."