கூலிக்கு மகிழ்ந்தவள்

வெகு காலத்துக்கு முன்னே வெண்ணாவல் நாட்டை வாணராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கோபம் வந்தால் கோட்டை குலுங்கும். போனபிறகு, ஏன் வந்தது என்று அவருக்கே தெரியாது. அப்படியொரு கோபத்தில்தான், உப்பு வணிகன் ஒருவனை மணந்துகொண்ட தன் ஒரே தங்கை வடிவாம்பிகையை, "கண்முன்னே நிற்காதே" என்று துரத்திவிட்டார். அன்றிலிருந்து சாயங்காலமானால் மேல்மாடத்தில் உட்கார்ந்து, கடற்கரைப் பாதையையே பார்த்துக்கொண்டிருப்பார். தட்டில் வைத்த சோறு ஆறிப்போகும்.

இது ஊருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்ளவே கீர்த்தி மந்திரி ஏகாம்பரநாதர் இருந்தார். ராஜாவின் பேரைப் பளபளவென்று வைத்திருப்பதுதான் அவர் உத்தியோகம். "இளவரசியார் தாமாகவே யாத்திரை போயிருக்கிறார், அரசர் பரம சந்தோஷமாக இருக்கிறார்" என்று கடற்கரைவரை தண்டோரா போடவைத்தார்.

அந்த நாட்டில் தண்டோரா கேட்டவர்கள் பதில் சொல்லவேண்டும். ஜனங்கள் "கேட்டோம்" என்பார்கள், அவ்வளவுதான். மந்திரிக்கு அது போதவில்லை. ராஜா காதில் விழும்படி "மகிழ்ந்தோம்" என்று கத்த ஆள் வைத்தார்.

ஆள் என்றால் ஒரே ஆள். பெயர் அஞ்சுகம். கேட்ட குரலையெல்லாம் தொண்டையில் வாங்கி வைத்துக்கொள்கிறவள். கோட்டை மதிலுக்குப் பின்னால் மறைந்து நின்று பொக்கைவாய்க் கிழவராக, சண்டைக்கார மாமியாராக, மூக்கடைத்த வியாபாரியாக மாறிமாறி மகிழ்வாள். ஒருநாள் எருமையாகவும் மகிழ்ந்துவிட்டாள்.

"எருமை எதற்கடி?" என்றார் மந்திரி.

"ஜனங்கள் மட்டும் மகிழ்ந்தா சாதாரண ஆட்சிங்க. ஜீவராசிகளும் மகிழ்ந்தாத்தானே பொற்காலம்?"

மந்திரி யோசித்துப் பார்த்து, எருமையை வைத்துக்கொண்டார்.

இப்படியே போயிருக்கும். ஒருநாள் சந்தையில் உப்பு விற்றவள் சொன்னாள்: "கப்பலுக்குத் தோதா காத்துத் திரும்பினதும் இளவரசி புருஷனோட கடல் தாண்டிப் போறாங்க. இனி வரமாட்டாங்களாம். தண்டோராவைக் கேட்டுக் கேட்டு, 'நான் இல்லாம அண்ணன் சந்தோஷமாத்தானே இருக்காரு, நான் மட்டும் எதுக்கு இங்க கிடந்து ஏங்கணும்'னு சொல்லிட்டாங்க."

அஞ்சுகம் திரும்பிவரும்போது மேல்மாடத்தை அண்ணாந்து பார்த்தாள். ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தண்டோரா சொன்ன அந்தச் சந்தோஷத்துக்குத் தன் தொண்டையும் கூலி வாங்கிக்கொண்டு ஒத்தூதியது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மந்திரியிடம் போய்ச் சொன்னாள். அவர் பதறவில்லை. "ராஜா ஏங்குகிறார் என்று தெரிந்தால் நாட்டுக்கே மானக்கேடு. இளவரசி கடல் தாண்டுவதும் அண்ணன் ஆசியோடுதான் என்று நாளைக்கே ஒரு தண்டோரா. நீ வழக்கத்தைவிட அதிகமாக மகிழவேண்டும்."

"உத்தரவு. அதிகமாவே மகிழ்றேன்."

மறுநாள் தண்டோரா முடிந்தது. அஞ்சுகம் மதிலுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். மேல்மாடத்துக்கு நேர் கீழே, நல்ல வெயிலில் நின்று, கிழவராக மகிழ்ந்தாள், மாமியாராக மகிழ்ந்தாள், கடைசியில் எருமையாகவும் மகிழ்ந்து முடித்தாள். கூடியிருந்தவர்கள் வாய் பிளந்தார்கள்.

"என்ன காரியமடி இது?" என்று மந்திரி பல்லைக் கடித்தார்.

"நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன் மந்திரியாரே. நிக்கிற இடத்தை மட்டும் மாத்திக்கிட்டேன்."

ராஜா மேலிருந்து கேட்டார்: "இத்தனை நாளும் நீயா?"

"எருமைவரைக்கும் நான்தான் மகாராஜா."

"அப்போ ஜனங்கள்?"

"அவங்க கேட்டோம்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டாங்க. நிஜம்னு நம்பினது ரெண்டே பேர்தான். ஒண்ணு நீங்க, இன்னொண்ணு உங்க தங்கச்சி." காற்று திரும்பினால் இளவரசி கப்பலேறிப் போய்விடுவார் என்பதையும் சொன்னாள்.

ராஜா மாடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "வடிவு குரல் உனக்கு வருமா?"

"வரும். வளையல் கடையில அவங்க பேரம் பேசிக் கேட்டிருக்கேன்."

"ஒரே ஒரு தடவை 'அண்ணா'ன்னு சொல்லேன்."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ராஜாவின் முகத்தைப் பார்த்தால் கல்லும் சொல்லிவிடும். ஆனால் அஞ்சுகம் தலையை ஆட்டினாள். "மாட்டேன் மகாராஜா. நான் சொன்னா இன்னைக்கு உங்களுக்குச் சோறு இறங்கிடும். அப்புறம் அவங்களைக் கூப்பிடமாட்டீங்க."

"கூப்பிட்டால் வருவாளா?"

"தெரியாது. போறதா இருந்தாலும், உள்ளதைக் கேட்டுட்டுப் போகட்டும்."

ராஜா படியிறங்கி வந்து தண்டோராக்காரன் கையிலிருந்து பறையை வாங்கித் தானே தட்டினார். "வடிவு யாத்திரை போகவில்லை. நான்தான் துரத்தினேன். தப்பு என்னுடையது. அவள் இல்லாமல் எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. இதை இப்படியே போய்ச் சொல்லுங்கள்."

"பிரபு, கொஞ்சம் மெருகேற்றி..." என்று இழுத்தார் மந்திரி.

"நீர் மெருகேற்றியதில்தான் அவள் கடல்வரைக்கும் போய்விட்டாள். தண்டோராவோடு நீரும் போம். ஊர் ஊராக, 'முன்னே சொன்னது பொய், சொல்லவைத்தது நான்' என்று உம் வாயாலேயே சொல்லும்."

அஞ்சுகத்தைப் பார்த்து, "உனக்கு என்ன வேண்டும்?" என்றார்.

"கூலி வாங்கிட்டு மகிழ்றவங்க கையில மஞ்சள் துணி கட்டணும். யார் கூலின்னு கேட்டா மறைக்காம சொல்லணும்."

சட்டமானது. மறுநாள் சபை கூடியபோது புலவர் வரிசையில் பாதி மஞ்சளாக இருந்தது. சேனாதிபதிகூட முழங்கையை மேலாடையில் மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

சில நாளில் தண்டோராக்காரன் திரும்பிவந்தான். இளவரசி எல்லாவற்றையும் கேட்டாராம். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

காற்றும் திரும்பிவிட்டது. ராஜா இப்போது மேல்மாடத்தில் உட்காரவில்லை. கோட்டைவாசலுக்கே வந்து நின்றார். துணைக்கு அஞ்சுகமும் நின்றாள். பாதையில் புழுதி அடங்கியது, வெளிச்சம் குறைந்தது, வருகிறவர் போகிறவர் முகம் தெரியாமல் போனது. ராஜா பெருமூச்சு விட்டு உள்ளே திரும்பினார்.

"அண்ணா."

ராஜா அஞ்சுகத்தைச் சட்டென்று பார்த்தார். "சொல்லமாட்டேன் என்றாயே" என்றார், குரல் உடைந்து.

அஞ்சுகம் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.