கன்னியப்பன் எழுதிய கடைசிப் பரீட்சை

சின்னக் கதைதான். கவனமாகக் கேளுங்கள். கடைசியில் கேள்வி இருக்கிறது, அப்போது முழிக்காதீர்கள்.

செஞ்சிப் பக்கம் ஒரு கல்லூரி. பெயர் எதற்கு? காலனியிலிருந்தும் இருளர் குடியிருப்பிலிருந்தும் வருகிற பையன்கள் முதல் வருஷம் சேர்வார்கள். அடுத்த வருஷம் பார்த்தால் செங்கல் சூளையில் நிற்பார்கள். அதைத் தடுக்க 'கைத்துணை' என்று ஒரு திட்டம். படித்து முடித்தவன் ஒருவன், படிக்கிறவன் ஒருவனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வகுப்புக்கு வராவிட்டால் வீட்டுக்கே போய் இழுத்து வர வேண்டும். மற்ற பையன்களுக்கு இது தமாஷ். "டேய், உன்னை மேய்க்கிற ஆளு வந்தாச்சு, கிளம்பு!" என்பார்கள்.

இருந்தும் பையன்கள் நிலைத்தார்கள். நிர்வாகத்துக்குத்தான் உறுத்தியது. இந்த வருஷம் ஒருத்தன் பாதியில் விட்டாலும் திட்டத்தை மூடிவிடுவோம் என்றது.

கன்னியப்பன் இருளர் வீட்டுப் பையன். அவன் குடியிருப்பில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். அவனுக்குத் துணை முனிரத்தினம். திட்டத்துக்குப் பொறுப்பு ஞானசௌந்தரி மேடம்.

கடைசிப் பரீட்சை அன்று காலை, பக்கத்து ஊரில் யாருடைய தண்ணீர் மோட்டாரோ காணவில்லை என்று போலீஸ் ஜீப் குடியிருப்புக்கு வந்தது. எது தொலைந்தாலும் முதலில் அங்கேதான் வரும். கன்னியப்பனின் அப்பா காத்தவராயனை ஏறச் சொன்னார்கள். ஏறுவதற்குள் அவர் முனிரத்தினத்துக்குப் போன் செய்தார்.

"தம்பி, பையன்கிட்ட சொல்லிடாதீங்க. எழுதி முடிக்கட்டும். நான் ஸ்டேஷன்ல பேசிட்டு வந்துடறேன்."

முனிரத்தினம் ஓடிப்போய் மேடத்திடம் சொன்னான். மேடம் யோசிக்கவே இல்லை. "வாயைத் திறக்காதே. சொன்னா எழுந்து ஓடிடுவான். அப்புறம் எந்தக் காலத்துல முடிப்பான்?"

ஹாலுக்குள் போகும்போது கன்னியப்பன் கேட்டான்: "அண்ணா, அப்பா போனை எடுக்கல. ஏதாவது தெரியுமா?"

"ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருப்பாரு. நீ போய் உட்காருடா."

உட்கார்ந்தான். எழுதினான். செய்தி உள்ளே போய்விடக் கூடாதென்று மேடமும் முனிரத்தினமும் பரீட்சை முடியும்வரை வாசலிலேயே காவல் நின்றார்கள்.

வெளியே வந்ததும் சொன்னார்கள். ஓடினான். ஸ்டேஷன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான், நடந்தே போய்விடலாம்.

அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். மகனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "ரேகை வைன்னு மையை நீட்டினாங்க கன்னியப்பா. நான் எதுக்கு வைக்கிறேன்? நீ சொல்லிக்குடுத்த மாதிரியே கையெழுத்துப் போட்டேன். ரைட்டரே அசந்துட்டாரு."

மோட்டாரைத் திருடியது தான்தான் என்று எழுதியிருந்த தாளில் போட்டிருந்தார். தன் பெயரை எழுதத் தெரியும். வேறொன்றும் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடுகிற ஆள், படித்துப் பார்த்துத்தான் போட்டிருப்பார் என்றார்கள். ரிமாண்ட்.

கன்னியப்பன் தேறினான். யாரும் பாதியில் விடவில்லை, திட்டம் தப்பியது. பட்டம் வாங்க அவன் வரவில்லை. முனிரத்தினத்தோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார் அப்பா. சொல்லவிடாமல் தடுத்தார் மேடம். கேட்டபோது பொய் சொன்னான் முனிரத்தினம். சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: அப்பா என்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர் செய்தது சரியில்லை. ஆனால் அவரை மன்னிக்கலாம், தாளில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. மற்ற இருவருக்கும் மன்னிப்பு இல்லை. அவர்கள் சொன்னார்களா, மறைத்தார்களா என்பதல்ல விஷயம். அத்தனை நேரம் இரண்டு பட்டதாரிகள் ஹால் வாசலில் சும்மா நின்றார்கள். ஒருத்தர் காவலுக்குப் போதாதா? இன்னொருத்தர் ஸ்டேஷனுக்குப் போய் அந்தத் தாளைப் படித்துச் சொல்லியிருக்கலாம். இருவருக்கும் தோன்றவில்லை. பையனைக் கல்லூரியில் நிறுத்துவதுதான் அவர்கள் வேலை. அவனுடைய அப்பன் அந்தத் திட்டத்தில் இல்லை.