ராஜாவுக்கு மிஞ்சாத சோறு

முன்னொரு காலத்தில், எந்தத் திசையில் இருந்தது என்று இப்போது யாருக்கும் சொல்லத் தெரியாத ஒரு ராஜ்ஜியத்தில், ஒரு ராஜா இருந்தார். எதிரிப் படை கோட்டை மதிலில் ஏணி சாத்தியபோதுகூட, வாயிலிருந்த தாம்பூலத்தைத் துப்பிவிட்டு நிதானமாக வாளை எடுத்தவர். அப்பேர்ப்பட்டவர், அந்தி முரசு முழங்கினால் போதும், தூணுக்குப் பின்னால் ஒளிய இடம் தேடினார்.

காரணம், அவர் பெற்ற மூன்று பிள்ளைகள். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றார்கள்.

மகாராணி தம்பியின் கல்யாணத்துக்காகத் தாய்வீடு போயிருந்தார். அவர் இருந்தவரை பிள்ளைகள் எப்படியோ சாப்பிட்டுத் தூங்கினார்கள். எப்படி என்று ராஜா ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை.

அன்று சபை கூடியதும் ராஜா சிம்மாசனத்தில் சரிந்து உட்கார்ந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"சித்தையா, எதையாவது சொல்லிச் சிரிக்க வை."

சித்தையன் அந்தச் சபையின் விகடகவி. முன்னால் வந்தான். கையைக் கட்டினான். வாயைத் திறந்தான்.

கொட்டாவி வந்தது.

சாதாரணக் கொட்டாவி இல்லை. தாடை இறங்கி, கண்ணில் நீர் முட்டி, தூணுக்குத் தூண் எதிரொலித்த கொட்டாவி.

"அடடா! விகடகவிக்குத் தூக்கம் வருகிறதாம். பாய் விரிக்கச் சொல்லட்டுமா?" என்றார் கனகசபேசர். அரண்மனை மடைப்பள்ளிக்கு அதிகாரி. ராஜா சித்தையனின் பேச்சுக்குச் சிரிக்கிற ஒவ்வொரு தடவையும் இவருக்குப் புளித்த ஏப்பம் வரும்.

"மன்னிக்க வேண்டும், மகாராஜா" என்றான் சித்தையன். "வீட்டில் நான்கு பிள்ளைகள். நேற்றுச் சாயங்காலம் கேழ்வரகு அடை தட்டினேன். ஒன்று கருகல் என்றது, ஒன்று வேகவில்லை என்றது, ஒன்று அழுதது, இன்னொன்று அது அழுகிறதே என்று அழுதது. எல்லாரையும் தூங்க வைத்துவிட்டுப் பார்த்தால், என் தூக்கம் போய்விட்டது."

அவன் சம்சாரம் போன ஆடி மாதக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தாள். அன்று முதல் பகலில் ராஜாவைச் சிரிக்க வைப்பதும், சாயங்காலம் அடுப்பு ஊதுவதும் அவன் வேலை. இரண்டில் எது கஷ்டம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பான்.

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "உன் பிள்ளைகளும் சாப்பிடுவதில்லையா?"

"கடைசியில் சாப்பிட்டுவிடுவார்கள், மகாராஜா."

"என்ன கொடுப்பாய்?"

"கைக்கு எது வருகிறதோ அது. அவலை நனைத்து மோரில் போடுவேன். அரிசியை உடைத்து உப்புமா கிண்டுவேன். பழையது இருந்தால் எள்ளுப்பொடி தூவிப் பிசைவேன். அடுப்பில் பானை ஏறி இறங்குவதற்குள் ஆகிவிட வேண்டும். இல்லாவிட்டால் பசியில் தூங்கிவிடுவார்கள். தூங்கின பிள்ளையை எழுப்பிச் சாப்பிட வைப்பதைவிடப் போருக்குப் போவது மேல்."

ராஜா தலையை ஆட்டினார். அவருக்கு அந்தப் போர் தெரியும்.

கனகசபேசரின் கண் மின்னியது. மெல்ல எழுந்தார்.

"மகாராஜா, ஒரு விண்ணப்பம். மழை பொய்த்த வருஷம் இது. இளவரசர்கள் ஒதுக்கும் பண்டமெல்லாம் தினமும் யானைக் கொட்டாரத்துக்குப் போகிறது. விகடகவியோ ஒன்றுமில்லாததை வைத்து நான்கு வயிறு நிரப்புகிறார். அந்த வித்தையை நாளை நம் இளவரசர்களுக்குக் காட்டட்டுமே?"

"நல்ல யோசனை!" ராஜா தொடையைத் தட்டினார். "சித்தையா, நாளை அந்தி முரசு தொடங்கியதும் நீ அடுப்பை மூட்டிச் சமை. மதியம் மிஞ்சியதற்குமேல் களஞ்சியத்திலிருந்து ஒரு பிடி எடுக்கக் கூடாது. முரசு அடங்குவதற்குள் என் பிள்ளைகள் வயிறார உண்டிருக்க வேண்டும். மிரட்டக் கூடாது, ஊட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது. ஜெயித்தால் கேட்டது தருகிறேன்."

"தோற்றால்?" என்றார் கனகசபேசர், தேன் ஒழுக.

ராஜா யோசித்தார். "மகாராணி திரும்பும்வரை இவன் அரண்மனையிலேயே தங்கட்டும். தினமும் இவனே என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும்."

சித்தையன் விரல் மடக்கிக் கணக்குப் போட்டான். மகாராணி வர இன்னும் ஒரு மாதம் ஆகும். அதுவரை அவன் வீட்டு அடுப்பை யார் மூட்டுவது? அந்த நான்கையும் யார் கூப்பிட்டு உட்கார வைப்பது?

"ஒன்று மறந்துவிட்டது" என்றார் கனகசபேசர். மறக்கவே இல்லை. கடைசியில் சொல்வதற்காக வைத்திருந்தார். "அரண்மனை முறை மாறக் கூடாது. ராஜ குடும்பத்தார் உண்ணும் உணவைச் சோதகர் முதலில் சுவைக்க வேண்டும். சுவைத்தபின் ஒரு நாழிகை காத்திருந்து, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்ட பிறகே பரிமாற வேண்டும்."

சபையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தி முரசு மொத்தமே ஒரு நாழிகைதான் முழங்கும்.

அதனால்தானா! சித்தையனுக்குப் பளிச்சென்று விளங்கியது. அந்தப் பிள்ளைகளுக்குச் சுடுசோறு என்றால் என்னவென்றே தெரியாது. பிறந்ததிலிருந்து ஆறினதைத்தான் தின்கிறார்கள்.

"சோதகராக யார் இருக்கலாம், ஐயா?" என்று கேட்டான்.

கனகசபேசர் நெஞ்சை நிமிர்த்தினார். "மகாராஜாவின் உயிரைத் தன் உயிராக நினைக்கும் எவரும் இருக்கலாம்."

"உத்தரவு" என்றான் சித்தையன்.

வீட்டுக்குப் போனான். அன்றைக்கு அவல்தான்.

"இன்னிக்கும் அவலாப்பா?" என்றாள் மூத்தவள் அங்காயி.

"நேத்து அடை. அதுக்கு முந்தி மோர் போட்ட அவல். இது வெல்லம் போட்டது. வேற வேற."

"அவல் அவல்தானேப்பா?"

நான்கு தட்டிலும் வைத்தான். நான்கு தட்டும் அப்படியே இருந்தன. ஒருத்தன் அவலில் வீடு கட்டினான். சித்தையன் சட்டியின் அடியில் கிடந்ததைத் தனக்கென்று வழித்து, சுவரில் சாய்ந்து, ஒரு வாய் போட்டான்.

"அப்பா, உன்னுது நல்லாருக்கா?" கடைக்குட்டி குமரேசு பக்கத்தில் வந்து நின்றான்.

"அதேதாண்டா."

"எனக்கு ஒரு வாய்."

கொடுத்தான். அடுத்தவன் வந்தான். அதற்கடுத்தவள் வந்தாள். சட்டிக்குள் நான்கு கை. அவன் இரண்டாம் வாய்க்குக் கை நீட்டியபோது சட்டி காலி.

"ஏண்டி, தட்டுல இருக்கறதும் இதும் ஒண்ணுதானேடி!" என்றான் அங்காயியிடம்.

"அது எங்களுதுப்பா. இது உன்னுது."

சித்தையன் காலிச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, யாரும் தொடாத அந்த நான்கு தட்டு அவலையும் தானே சாப்பிட்டான். நெடுநாள் கழித்து வயிறு நிறையச் சாப்பிட்ட அந்திப்பொழுது அது.

மறுநாள் மாலை. மடைப்பள்ளி முற்றம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தான். கனகசபேசர் தூணோரம் கைகட்டி நின்றார், பிணத்துக்குக் காத்திருக்கும் கழுகைப் போல.

ராஜா வந்தார்.

"மகாராஜா, ஒரு வேண்டுகோள்" என்றான் சித்தையன். "இன்றிரவு தாங்களும் என் கைச்சோறுதான் சாப்பிட வேண்டும். சொல்லப் போனால், நான் சமைக்கப் போவதே தங்களுக்குத்தான்."

"எனக்கா? பிள்ளைகளுக்கு?"

"அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது."

ராஜாவுக்குக் குழப்பம். ஆனால் மதியத்திலிருந்து பசி. "சரி, சமை" என்று மணையில் உட்கார்ந்தார்.

முரசு முழங்கத் தொடங்கியது.

மதியம் மிஞ்சிய சோற்றை உதிர்த்தான். எண்ணெய், கடுகு, பொடி, அப்பளமெல்லாம் அவன் வீட்டிலிருந்து மூட்டை கட்டி வந்தவை. வாணலியில் நல்லெண்ணெய் விட்டு, கடுகு வெடித்ததும் பெருங்காயம் போட்டான். சோற்றைக் கொட்டி, பருப்புப்பொடி தூவிப் புரட்டினான். அப்பளத்தைத் தணலில் சுட்டு, நொறுக்கி, மேலே போட்டான். அவ்வளவுதான். வாசனை முற்றத்தைத் தாண்டிப் போயிற்று.

இளவரசர் இருவரும் குட்டி இளவரசி செங்கமலமும் எட்டிப் பார்த்தார்கள்.

"எங்களுக்கு வேண்டாம்" என்றான் மூத்த இளவரசன், கேட்காமலே.

"உங்களுக்கு யார் தரப் போகிறார்கள்?" என்றான் சித்தையன், திரும்பிப் பார்க்காமல். "இது உங்கள் அப்பாவுக்கு. தொடக் கூடாது. சோதகர்தான் தொடலாம்."

"சோதகர் யாரு?"

"அதுதான் தேடுகிறேன். மகாராஜா மேல் உயிரை வைத்திருப்பவர் யாராவது வேண்டும்."

"நான் வெச்சிருக்கேன்!" என்றாள் செங்கமலம்.

"நாந்தான் ரொம்ப வெச்சிருக்கேன்!" என்றான் சின்ன இளவரசன்.

சித்தையன் முதல் உருண்டையைத் தன் கடைக்குட்டியின் கையில் வைத்தான். குமரேசு விழுங்கிவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினான். மற்ற மூன்றும் வரிசையாக வந்து ஆளுக்கொன்று வாங்கித் தின்றன. அதைப் பார்த்ததும் செங்கமலம் இடித்துக்கொண்டு நடுவில் நுழைந்து கையை நீட்டினாள். சூடான உருண்டை உள்ளங்கையில் விழுந்தது. ஊதினாள். தின்றாள். கண் விரிந்தது.

"எப்படி, தாயே? சோறு சரியாக இருக்கிறதா?"

"சரியாத் தெரியலை. இன்னொண்ணு குடு."

"எனக்கும் சரியாத் தெரியலை!" என்றான் மூத்த இளவரசன். வாயில் அப்பளம் நொறுங்கியது.

ஏழு பிள்ளைகளும் வாணலியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். முரசு முழங்கிக்கொண்டே இருந்தது. ராஜா மணையில் எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தார்.

"சித்தையா, எனக்கு?"

"முறை இருக்கிறதே, மகாராஜா. சோதகர் சுவைத்தபின் ஒரு நாழிகை."

முரசு அடங்கியது. அதே நொடியில், மூத்த இளவரசனும் அங்காயியும் அடியில் ஒட்டிக் காந்திய சோற்றுக்காக ஒரு சண்டை போட்டு, ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்டார்கள். வாணலி பளபளத்தது.

"துரோகம்!" கனகசபேசரின் குரல் முற்றத்தை உலுக்கியது. "மகாராஜா, பார்த்தீர்களா? சோதிக்காத உணவை இளவரசர்கள் உண்டுவிட்டார்கள்! விஷம் இருந்திருந்தால்? குலமே அழிந்திருக்கும்! இவன் தலையை வாங்க வேண்டும்!"

காவலர்கள் ஓர் அடி முன்னே வைத்தார்கள். ராஜாவின் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது.

"பதில் சொல், சித்தையா."

சித்தையன் நெற்றி வியர்வையைத் துடைத்தான்.

"இளவரசர்கள் உண்ணவில்லை, மகாராஜா. தங்கள் உணவைச் சோதித்தார்கள். சோதிக்கிறவர் காத்திருக்க வேண்டும் என்று எந்த முறையிலும் இல்லை. தங்கள் உயிரைத் தன் உயிராக நினைப்பவர் எவரும் சோதகராகலாம் என்று ஐயாவே சபையில் சொன்னார். இவர்களைவிட அப்படி நினைப்பவர் இந்த அரண்மனையில் யாராவது இருந்தால் கை காட்டட்டும்."

கனகசபேசரின் கை எழவில்லை. வாய் மட்டும் எழுந்தது. "விஷம் இருந்திருந்தால் என்று கேட்டேன்!"

"முதல் உருண்டையைத் தின்றது யார் என்று பார்த்தீர்களா, ஐயா?" சித்தையனின் குரல் இறங்கியது. "என் கடைசிப் பிள்ளை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, எல்லாம் என் வீட்டுப் பிள்ளைகள். எனக்கு மிச்சம் இருப்பதே அவ்வளவுதான்."

காவலர்கள் வைத்த அடியைப் பின்னால் எடுத்தார்கள்.

செங்கமலம் பெரிய ஏப்பமாக விட்டாள். அப்பாவின் மடியில் ஏறி, பருப்புப்பொடிக் கையைப் பட்டு அங்கவஸ்திரத்தில் துடைத்தாள்.

"அப்பா, உன் சோத்துல ஒண்ணும் இல்லை. நீ சாப்பிடலாம்."

ராஜா வாணலியைப் பார்த்தார். அதில் ஒரு பருக்கை இல்லை. அவர் வயிறு எல்லாருக்கும் கேட்கும்படி உறுமியது.

முதலில் தோள் குலுங்கியது. பிறகு மீசை. பிறகு மணையிலிருந்து சரிந்து, தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார் ராஜா. "சோதித்தே தீர்த்துவிட்டார்களே! கேள் சித்தையா, என்ன வேண்டும்? பொன்னா? நிலமா?"

"நிலம் தந்தால் உழ வேண்டும், மகாராஜா. தெம்பில்லை." சித்தையன் தயங்கினான். "சமைக்க என்னால் முடியும். பாத்திரம் கழுவவும் முடியும். ராத்திரிக்கு என்ன செய்வது என்று தினமும் யோசிக்கத்தான் முடியவில்லை. அதை மட்டும் வேறு யாராவது யோசித்துச் சொன்னால் போதும்."

ராஜா சிரிப்பை நிறுத்தினார். மடியில் கிடந்த மகளைப் பார்த்தார். தாய்வீடு போயிருக்கும் மகாராணியை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. பிறகு கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சித்தையனுக்குப் போட்டார். வருஷத்துக்கு வேண்டிய நெல்லை அவன் வீட்டில் இறக்கச் சொன்னார்.

"யோசிக்க ஆளும் தருகிறேன்" என்றார். அவர் பார்வை தூணோரம் போய் நின்றது. மறுபடி சிரிக்கத் தொடங்கினார்.

மறுநாள் காலை, தலைப்பாகையும் கடுக்கனுமாகக் கனகசபேசர் சித்தையன் வீட்டு வாசலில் நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"இன்று இரவு, பிடிகொழுக்கட்டை."

"தம்பிக்குப் பிடிக்காது" என்றாள் அங்காயி.

"அப்படியானால்... கேழ்வரகுக் கூழ்."

"ரெண்டாவது தம்பிக்குப் பிடிக்காது."

"உப்புமா?"

நான்கு பேரும் முகத்தைச் சுளித்தார்கள். மடைப்பள்ளி அதிகாரிக்கு வியர்த்தது. தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"சரி, அரிசிமாவுப் புட்டு? வெல்லம் போட்டு? இல்லை, வெல்லம் இல்லாமல்? பிள்ளைகளே, ஏதாவது ஒன்று சொல்லுங்களேன்!"

உள்ளே பாயில் புரண்டு படுத்தான் சித்தையன். சபைக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. கண்ணை மூடினான்.